நான் வெட்டிய முதல் பக்கம்

இனி நம் இதழுக்கு வருகிற படைப்புகளை வாசிக்கப் போவது நீங்கள் மூன்று பேரும்தான். பத்தொன்பது வருடம் அந்த வேலையை நான் பார்த்தேன். கண்ணும் முதுகும் போதும் என்று சொல்லிவிட்டதால் எழுந்துகொண்டேன். மற்றபடி ஆசை தீரவில்லை. போகிற போக்கில் உபதேசம் செய்யக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்களாகக் கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவிக்க வேண்டியதுதான்.

முதலில் ஒரு உண்மை. பயணக் கட்டுரை எழுதுகிற யாரும் பயணத்தில் தொடங்க மாட்டார்கள். முந்தின நாள் துணி மடித்து வைத்ததில் தொடங்குவார்கள். அலாரம் அடித்தது, ஆட்டோக்காரர் தாமதமாக வந்தார், ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை என்று போய், வண்டி மணியாச்சி தாண்டுவதற்குள் மூன்று பக்கம் முடிந்திருக்கும். கவிதை அனுப்புகிறவர்கள் பரவாயில்லை. நேரே கடலில் இறங்கிவிடுவார்கள். எந்தக் கடல் என்றுதான் கடைசிவரை தெரியாது. கூடவே ஒரு கடிதம் வரும். ‘தங்கள் இதழின் பல்லாண்டு வாசகன்’ என்று இருக்கும். சந்தாப் பட்டியலைப் புரட்டினால் அந்தப் பேரே இருக்காது. அதற்காகக் கோபப்படாதீர்கள். எழுதி அனுப்புவதற்குக் கொஞ்சம் பொய்யும் நிறைய தைரியமும் வேண்டும்.

இந்தத் துணி மடிக்கிற நோய்க்கு நான் ஒரு மருந்து வைத்திருந்தேன். எது வந்தாலும் முதல் பக்கத்தை வெட்டு. இரண்டாம் பக்கத்தில்தான் எழுத்தாளர் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். பத்துக்கு ஒன்பது தடவை இது சரியாகவே இருந்தது. முதல் பக்கம் போன கட்டுரையைப் பார்த்து, ‘என்னமோ பண்ணியிருக்கீங்க மேடம், நல்லா வந்திருக்கு’ என்று எழுதியவர்களே எனக்கு ஃபோன் செய்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் என் சிவப்புப் பேனாவுக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. பேனாவுக்கு ஏது திமிர், எனக்குத்தான்.

பத்தாவது தடவையைப் பற்றித்தான் இப்போது சொல்கிறேன்.

ஆறேழு வருடம் இருக்கும். என் வாட்ஸப்புக்குத் தெரியாத எண்ணிலிருந்து பதினான்கு புகைப்படங்கள் வந்தன. நீளக் கணக்கு நோட்டில் நீலப் பேனாவால் எழுதிய பதினான்கு பக்கம். அனுப்பியவர் மிக்கேல் என்கிற ஓய்வுபெற்ற தண்டல். இங்கே பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோணியை நடத்துகிறவர்தான் தண்டல். அதற்கும் பதினோரு வருடத்துக்கு முன் மாலத்தீவுக்குப் போன ஒரு பயணத்தை எழுதியிருந்தார்.

நான் வாசித்ததிலேயே நல்ல கட்டுரைகளில் அது ஒன்று. புறப்பட்ட மூன்றாம் நாள் விடியற்காலையில் கடல் புரள்கிறது. சமையல் செய்கிற ஆளுக்குத் தோணியில் பண்டாரி என்று பெயர். அந்தப் பண்டாரி உலைப்பானையைப் பிடிக்கப் போன இடத்தில் ஒரு அலை ஏறி ஆளையும் பானையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. அரை நாள் சுற்றிச் சுற்றித் தேடுகிறார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் தோணியில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஏற்றிவந்த சரக்கிலிருந்து வெங்காயத்தை எடுத்துக் கடித்துத் தின்கிறார்கள். ‘கண்ணுல தண்ணி வந்ததுக்கு வெங்காயம்னு சொல்லிக்கிட்டோம்’ என்று எழுதியிருந்தார் மனிதர். இந்த இதழுக்கு இதுதான் முதல் கட்டுரை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

முதல் பக்கத்தில் வழக்கம்போல மூட்டை முடிச்சு. இத்தனை மூட்டை வெங்காயம், உருளைக்கிழங்கு, ஓடு, செங்கல். அதன் கீழே தோணியில் போன எட்டுப் பேரின் பெயரும் ஊரும், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி வரிசையாக. குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது நமக்கு மெய்ப்பு பார்த்தவர் நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சார் என்றே வைத்துக்கொள்வோம். என் வயதுதான். எட்டையும் ஏழையும் கூட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். நான் இலக்கியம் இலக்கியம் என்று பறக்கும்போதெல்லாம் காலைப் பிடித்துத் தரைக்கு இழுப்பார். அவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், இந்தப் பண்டாரிக்கு ஒரு பேரு கெடையாதா? கட்டுரை முழுக்கப் பண்டாரி பண்டாரின்னே வருதே.”

“பேரில்லாம இருந்தாத்தான் சார் அழகு” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடத்தில் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இதழ் சிவகாசிக்குப் போனது. எழுதியவருக்கு மெய்ப்பு அனுப்புகிற வழக்கத்தை, நேரமில்லை என்று சொல்லி, அந்த முறை விட்டுவிட்டேன்.

அச்சு முடிந்த மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மிக்கேல் அண்ணாச்சி நம் அலுவலகத்துக்கு வந்தார். நம் வடிவமைப்பாளர் சந்தோஷத்தில் அவருக்குப் பக்கங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும், நல்ல உயரம். வெள்ளை வேட்டி சட்டை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“எம் மொதப் பக்கம் எங்கம்மா?”

எத்தனையோ பேருக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். வாசகர் நேராகக் கடலுக்குள் போய்விட வேண்டும், சரக்குப் பட்டியல் தடுக்கும், கட்டுரை இப்போது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது பாருங்கள் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க படிச்சவிய, சரியாத்தான் சொல்லுவிய. எம் பேரு வேணும்னா எடுத்துருங்க. வெங்காயத்த எடுத்துருங்க. அந்தப் பக்கம் மட்டும் வேணும். அதுக்காகத்தான் மிச்ச பதிமூணையும் எழுதுனேன்.”

பிறகுதான் உட்கார்ந்தார். அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் சொல்ல முடியும். அந்தப் பயணத்துக்குப் பேர் பதிந்திருந்த பண்டாரிக்கு, புறப்படுகிற அன்று மஞ்சள் காமாலை. துறைமுகத்தில் கொடுத்த ஆள் பட்டியல் காகிதத்தை மாற்ற நேரமில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன் ஒருவர், மாப்பிள்ளையூரணியைச் சேர்ந்த செல்லத்துரை, நான் வாரேன் என்று ஏறிக்கொண்டார். பதினைந்து நாளில் திரும்பிவிடலாம், கையில் நாலு காசு சேரும் என்று நினைத்திருக்கிறார். ‘வீட்டுல சொல்லிருங்கலே’ என்று கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். யாரும் போய்ச் சொல்லவில்லை. கடல் கொண்டுபோனது அவரைத்தான்.

தோணி திரும்பி வந்ததும் முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காகிதத்தில் செல்லத்துரை இல்லை. காகிதத்தில் இருக்கிற பண்டாரி உயிரோடு வீட்டில் இருக்கிறான். ஆகவே எட்டுப் பேர் போனார்கள், எட்டுப் பேர் வந்தார்கள். வாயைத் திறந்தால் தோணி நின்றுபோகும், ஏழு வீட்டில் அடுப்பு எரியாது. மிக்கேல் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. செல்லத்துரையின் மனைவி ராஜகனி துறைமுகத்துக்கு வந்து கேட்டபோதும் எட்டு எட்டு என்றே சொல்லியிருக்கிறார். ராஜகனியின் புருஷன் எவளோடோ கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊர் தன்பாட்டுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டது.

“மொதலாளி போய்ச் சேந்துட்டாரு. நானும் இத மூடிக்கிட்டே போய்ச் சேந்துருவேன்னுதான் இருந்தேன்” என்றார் அண்ணாச்சி. “போன நவம்பர்ல மாதா கோயில்ல பூசைக்குப் பேரு எழுதுத எடத்துல வரிசையில நிக்கேன். எனக்கு முன்னால அந்தப் பிள்ள ராஜகனி நிக்கா. செல்லத்துரைன்னு பேரு சொல்லுதா. எழுதுதவரு, உயிரோட இருக்கவருக்கா, இறந்தவருக்கான்னு கேட்டாரு. அவரு கேட்டது தப்பில்ல, எல்லாருகிட்டயும் கேக்கதுதான். அவ கொஞ்ச நேரம் நின்னா. பொறவு ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போயிட்டா. நான் பின்னால நிக்கேன், எனக்குத் தெரியும். அன்னைக்கு வீட்டுக்குப் போயி நோட்ட எடுத்தேன்.”

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, வெட்கம். ‘பேரில்லாம இருந்தாத்தான் அழகு’ என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த மனிதர் பதினோரு வருடம் விழுங்கி வைத்திருந்த ஒரு பேரை எழுதி அனுப்பியிருக்கிறார். நான் அரை நிமிடத்தில் திரும்பவும் கடலில் தள்ளிவிட்டேன்.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்காது. அச்சக மேலாளருக்கு ஃபோன் போட்டேன். நாளைக் காலை பைண்டிங்குக்கு ஏற்றப்போவதாகச் சொன்னார். மாற்றுவதென்றால் அந்தப் பதினாறு பக்க ஃபாரத்தை முழுதாகத் திரும்ப அடிக்க வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்குள் தகவல் வர வேண்டும் என்றார். அப்போது மணி பத்தரை. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டுக் கூட்டம், அழைப்பிதழ் போயாகிவிட்டது.

கவனியுங்கள், சுலபமான வழி ஒன்று இருந்தது. அடுத்த இதழில் கால் பக்கத்துக்கு ‘வருந்துகிறோம்’ என்று போட்டுவிடலாம். எல்லா இதழும் அதைத்தான் செய்யும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அண்ணாச்சியே தலையாட்டியிருப்பார். ஆனால் செல்லத்துரையின் பேர் வருந்துகிறோம் பெட்டிக்குள் வரவேண்டிய பேர் இல்லை என்று எனக்குத் தோன்றியது. திரும்ப அடிப்பது என்று முடிவு செய்தேன். இடத்துக்கு என்ன செய்வது? அதே ஃபாரத்தில் என் தலையங்கம் ஒரு பக்கம் இருந்தது. பயணமும் மனித மனமும் என்று என்னவோ எழுதியிருந்தேன். அதைத் தூக்கிவிட்டேன். இன்றுவரை ஒருவர்கூட ஏன் தலையங்கம் இல்லை என்று கேட்கவில்லை.

சார் அதுவரை ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “மேடம், ரெண்டு வேலை பாக்கி இருக்கு. அண்ணாச்சி சொல்லுததை நான் நம்புதேன். ஆனா ஒருத்தர் சொன்னதை வச்சு ஒருத்தர் செத்துட்டார்னு நாம அச்சடிக்கக் கூடாது. காமாலை வந்த பண்டாரி உயிரோடதான இருக்காரு, நான் போய்க் கேட்டுட்டு வாரேன். ரெண்டாவது, அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“புஸ்தகம் வரட்டும்மா. யாராவது வாசிச்சுச் சொல்லுவாவ. அவ மொகத்தப் பாத்துச் சொல்லத் தெரியாமத்தான உங்களுக்கு எழுதுனேன்.”

அந்த இடத்தில்தான் நான் பத்தொன்பது வருடத்தில் சம்பாதித்த அறிவு எல்லாம் வேலைக்கு வந்தது என்று சொல்வேன். கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். “அண்ணாச்சி, அந்தப் பக்கத்த வெட்டுனது என் தப்பு. அதச் சரி பண்ணிருதேன். ஆனா உங்க தப்ப எங்க இதழ் தலையில வைக்க விடமாட்டேன். அவங்க புருஷன் செத்த சேதிய அவங்க ஊர்ல வேற யாரோ வாசிச்சு அவங்களுக்குச் சொல்லக் கூடாது. நீங்க சொல்லணும். இன்னைக்கே சொல்லணும். அவங்க சரின்னா அடிக்கேன். வேண்டாம்னா இந்தக் கட்டுரையையே எடுத்துருவேன்.”

அவர் எழுந்து வாசல்வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். நல்ல கட்டுரை கையை விட்டுப் போகிறதே என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது உண்மை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, போவோம்” என்றார்.

சார் தன் ஸ்கூட்டரில் பண்டாரியைத் தேடிப் போனார். காமாலையிலிருந்து பிழைத்த அந்தப் பண்டாரி பழைய துறைமுகத்துப் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். சார் கேள்வியை முடிப்பதற்குள் அந்த ஆள் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். ‘எனக்குப் பதிலா ஏறுன பையன் சார்’ என்று சொன்னதைச் சார் எனக்கு ஃபோனில் சொன்னபோது மணி ஒன்று. அதற்குள் வடிவமைப்பாளர் முதல் பக்கத்தைச் சேர்த்து, புதிதாக ஒரு தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு நானும் அண்ணாச்சியும் ஆட்டோவில் மாப்பிள்ளையூரணிக்குப் போனோம்.

ராஜகனிக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உப்பளத்து வேலைக்குப் போய்வந்து அப்போதுதான் குளித்திருந்தார், தலையில் ஈரத் துண்டு. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணாச்சியை அவருக்கு அடையாளம் தெரிந்தது; என்ன விஷயம் என்று என்னைத்தான் கேட்டார். நான் தாளை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துக் காட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

“எட்டுப் பேரு போனோம், எட்டுப் பேரு வந்தோம்னு உங்கிட்ட சொன்னேன்லா” என்றார். “எட்டுப் பேரு போனோம்மா. ஏழு பேருதான் வந்தோம்.”

ராஜகனி தாளுக்குக் கை நீட்டினார். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார், விரல் ஒவ்வொரு பேராக இறங்கியது. கடைசிப் பேரில் நின்றது. பண்டாரி: செல்லத்துரை, மாப்பிள்ளையூரணி.

“எப்பம்?”

“கெளம்புன மூணாம் நாளு. விடியக்காலம். சோத்துக்கு உல வச்சிருந்தான்.”

“பதினோரு வருசம்” என்றார் ராஜகனி. “பதினோரு வருசமும் ஞாயித்துக்கெழம எனக்குப் பின் பெஞ்சில உக்காந்திருந்திய.”

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். ராஜகனி அதைப் பார்க்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. இதில் நான் உங்களுக்கு இனிப்புத் தடவிச் சொல்லப்போவதில்லை. மன்னிப்பு வாங்கித் தருவது பத்திரிகையின் வேலையும் இல்லை.

நான் என் வேலையைச் செய்தேன். இது அச்சில் வரப்போகிறது, நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், உங்களுக்கு வேண்டாம் என்றால் வராது, யாரும் வற்புறுத்த மாட்டோம் என்றேன்.

“இது எத்தன பேரு வாசிப்பாவ?” என்று கேட்டார்.

எங்கள் இதழ் சின்னது, அறுநூறு பேர் வாசித்தால் அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன்.

“கெடக்கட்டும், போடுங்க. அவுக பேர மட்டும் தப்பில்லாமப் போடுங்க.”

நான் அங்கேயே நின்று சிவகாசிக்கு ஃபோன் போட்டு ஃபாரத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னேன். மணி இரண்டே முக்கால். பேசி முடித்துத் திரும்பினால் ராஜகனி உள்ளே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியிருந்தார்.

எதிரே ஒரு பலசரக்குக் கடை. கடைக்கார அம்மா சீனி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், சாமான் வாங்க நாலைந்து பெண்கள் நின்றார்கள். கேரளாக் கதையை இந்தத் தெருவில் முதலில் சொன்னது அந்தக் கடைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ராஜகனி தாளைப் பொட்டலத்தின் மேல் வைத்தார்.

“ஏளா, இத வாசி.”

கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்து உதட்டுக்குள் வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து ராஜகனியைப் பார்த்தார், பிறகு எதிர்வாசலில் என்னோடு நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். திரும்பக் குனிந்து ஒவ்வொரு பேராக மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாவது பேருக்கு வந்தபோது அவர் குரல் பக்கத்தில் நின்ற பெண்களுக்கே கேட்கவில்லை.

“சத்தமா வாசிளா” என்றார் ராஜகனி. “தெருக் கடைசி வர கேக்கணும்.”